மூணு நோ-ட்ரம்ப்பா? பதற வேண்டாம்... ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டணி உடைப்பது எப்படி?

'சீட்டு' என்று சொன்னாலே நம்ம வீடுகளில் முகம் மாறிவிடும். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களின் கதைகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2022 அக்டோபரில் சட்டசபையிலேயே தடை மசோதா நிறைவேற்றும் அளவுக்கு விஷயம் போனது.

ஆனால், அதே 52 சீட்டை வைத்து ஒரு தங்கப் பதக்கமும் வந்திருக்கிறது தெரியுமா? 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் 60 வயது பிரணாப் பர்தன், 56 வயது ஷிப்நாத் சர்க்கார் என்ற கொல்கத்தா ஜோடி 384 புள்ளிகள் எடுத்து, 378 எடுத்த சீன ஜோடியை முந்தித் தங்கம் வென்றது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த அடுத்த போட்டியில் இந்திய ஆண்கள் அணிக்கு வெள்ளி.

பந்தயம் வைக்காமல், போனில் இலவசமாகவே ஆடலாம் இந்த ஆட்டத்தை. புதிதாக ஆட வருபவர்களுக்கு இதில் ரொம்பவே தண்ணி காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. எதிராளி 'மூணு நோ-ட்ரம்ப்' சொல்லிவிட்டால், அதை எப்படி உடைப்பது? அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

முதலில் ஒரு நிமிஷப் பாடம்

நீங்க '28' ஆடியவர் என்றால் பாதி பிரிட்ஜ் ஏற்கெனவே தெரியும். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் பார்ட்னர், கேள்வி கேட்டு ஏலம், துருப்பு, பிடி... எல்லாம் அதே சங்கதிதான். வித்தியாசம் என்னவென்றால், பிரிட்ஜில் முழுக் கட்டு. ஆளுக்கு 13 சீட்டு, மொத்தம் 13 பிடி. ஏஸ்தான் பெரிசு, பிறகு ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று இறங்கும்.

ஏலத்தில் ஜெயித்தவர் 'டிக்ளேரர்'. அவருடைய பார்ட்னர் தன் 13 சீட்டையும் மேஜைமேல் விரித்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார். அவர்தான் 'டம்மி'. இரண்டு கையையும் டிக்ளேரரே ஆடுவார். எதிரே இருக்கும் இரண்டு பேரும் தடுப்பாளர்கள்.

'3 நோ-ட்ரம்ப்' என்றால் துருப்பே கிடையாது, 6 + 3 = 9 பிடி எடுத்துக் காட்டுகிறேன் என்று அர்த்தம். அப்போ உங்க பக்கம் 5 பிடி எடுத்தால் ஆட்டம் உடைந்தது.

இன்னொரு கணக்கையும் மனசில் வையுங்க. சராசரியாக நாலில் ஓர் ஆட்டத்தில்தான் நீங்க டிக்ளேரர், இன்னொன்றில் டம்மி. மீதி இரண்டிலும் தடுப்பாளர்தான். அதாவது, பாதி நேரம் உங்க வேலை தடுப்பதுதான். ஆனாலும் புதியவர்கள் பலரும் ஏலத்தைத்தான் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்.

துருப்பு இல்லாவிட்டால் என்ன மாறும்?

துருப்பு இருக்கும் ஆட்டத்தில் உங்க ஏஸையே ஒரு சின்னத் துருப்பை வைத்து வெட்டிவிடலாம். நோ-ட்ரம்ப்பில் வெட்டு கிடையாது. அதனால் ஒரே இனத்தில் அஞ்சு சீட்டு வைத்திருப்பவரின் கடைசி இரண்டு சீட்டு, வெறும் 3-ஆக இருந்தாலும், மற்ற மூணு பேரிடமும் அந்த இனம் தீர்ந்துவிட்டால் பிடி எடுக்கும்.

ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரைப் பார்த்திருப்பீங்க. நிலையை விட்டு நகர்த்தத்தான் பாடு. உருள ஆரம்பித்துவிட்டால் அப்புறம் வடம் இழுப்பவர்களின் கையில். நீள இனமும் அப்படித்தான். முதல் இரண்டு மூணு சுற்று, எதிராளியின் பெரிய சீட்டுகளை இறங்க வைக்கவே போய்விடும். அதற்குப் பிறகு ஓடும். எதிராளியும் அவருடைய தேரை நகர்த்தத்தான் பார்ப்பார். யார் தேர் முதலில் கிளம்புகிறது என்பதுதான் போட்டி.

ராஜபாளையம் மேற்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் கிழக்கு

இப்போ ஓர் ஆட்டம். நீங்க ராஜபாளையத்தில், உங்க ஃப்ரெண்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் சுமார் 12 கிலோமீட்டர். இருவரும் போனில் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கீங்க. மேப்பில் இருக்கிறபடியே நீங்க மேற்கு, அவர் கிழக்கு. உங்களுக்கு எதிராகத் தெற்கு டிக்ளேரர், வடக்கு டம்மி.

தெற்கு 1 கிளாவர் என்று ஆரம்பிக்க, வடக்கு 1 டைமண்ட், தெற்கு 2 நோ-ட்ரம்ப், வடக்கு 3 நோ-ட்ரம்ப். முதல் சீட்டு இறக்க வேண்டியது நீங்க. உங்க கை இது:

ஸ்பேட்: 9, 5
ஹார்ட்: ராஜா, ஜாக்கி, 8, 6, 3
டைமண்ட்: 9, 6, 2
கிளாவர்: ராணி, 8, 4

படி 1: நீளமானதில் நாலாவது

நோ-ட்ரம்ப்புக்கு எதிராக முதல் சீட்டு வழக்கமாக உங்க நீளமான, வலுவான இனத்திலிருந்து வரும். ராஜா-ராணி-ஜாக்கி, ராணி-ஜாக்கி-10 என்று மூணு அடுத்தடுத்து இருந்தால் மேலே இருப்பதை இறக்குங்க. அப்படி இல்லையென்றால், மேலிருந்து எண்ணி நாலாவது சீட்டு. பார்ட்னர் ஏலத்தில் ஓர் இனத்தைச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் அதற்கே முன்னுரிமை. எதிராளி சொன்ன இனத்தைத் தொட யோசிங்க.

இங்கே நீளம் ஹார்ட்தான். எதிராளிகள் இருவரும் அதைச் சொல்லவும் இல்லை. ராஜா, ஜாக்கி, 8, 6... நாலாவது 6. அதை இறக்குங்க.

'ஏன் குறிப்பாக நாலாவது? 3 போட்டால் என்ன?' என்று கேட்கலாம். பதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது.

படி 2: 11-லிருந்து கழி

டம்மி சீட்டு விரிக்கிறது:

ஸ்பேட்: 8, 6, 4
ஹார்ட்: 9, 2
டைமண்ட்: ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5
கிளாவர்: 9, 7, 3

உங்க ஃப்ரெண்ட் கை:

ஸ்பேட்: ராணி, ஜாக்கி, 10, 2
ஹார்ட்: ராணி, 7, 4
டைமண்ட்: ஏஸ், 8, 4
கிளாவர்: ஜாக்கி, 10, 5

நீங்க போட்ட 6-ஐப் பார்த்ததும் அவர் மனசுக்குள் ஒரு கழித்தல் போடுவார். 11 - 6 = 5. உங்களைத் தவிர மற்ற மூணு கையிலும் சேர்த்து, 6-ஐ விடப் பெரிய ஹார்ட் சரியாக அஞ்சுதான் இருக்கும். டம்மியில் ஒன்று (9). தன்னிடம் இரண்டு (ராணி, 7). மீதி இரண்டு தெற்கிடம். மறைந்திருக்கும் ஒரு கை பாதி தெரிந்துவிட்டது!

இதற்கு 'பதினொன்று விதி' என்று பெயர். பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டக் காலத்திலேயே ஆர்.எஃப்.ஃபாஸ்டர் சொன்னது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஜாக்கியை 11, ராணியை 12, ராஜாவை 13, ஏஸை 14 என்று எண்ணுங்க. 6-க்கு மேலே 14 - 6 = 8 சீட்டு. நாலாவது சீட்டைப் போட்டவரிடம் அதில் மூணு. மீதி 11 - 6. அவ்வளவுதான். நீங்க நாலாவதை விட்டு வேறு சீட்டைப் போட்டால், பார்ட்னரின் கணக்கும் பொய்யாகிவிடும்.

படி 3: திருப்பி அனுப்பு, சீட்டைப் பார்த்து அனுப்பு

டம்மி 2 போட, கிழக்கு ராணி போடுகிறார். மூணாவதாக ஆடுபவர் பொதுவாகப் பெரிசு போட வேண்டும். தெற்கிடம் ஏஸ் இருக்கிறது, ஆனால் அவர் 5 போட்டு விட்டுக்கொடுக்கிறார்.

இது அவருடைய தந்திரம். அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த இனத்தில் தன்னிடமும் டம்மியிடமும் சேர்த்து எத்தனை என்று எண்ணி, 7-லிருந்து கழிப்பார். 3 + 2 = 5. 7 - 5 = 2. இரண்டு முறை விட்டுக்கொடுத்து மூணாவதில் ஏஸ் போட்டால், கிழக்கிடம் ஹார்ட் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு கிழக்கு பிடி எடுத்தாலும் உங்களுக்கு ஹார்ட் அனுப்ப முடியாது.

உங்க ஃப்ரெண்ட் வேறு இனத்துக்குத் தாவாமல் ஹார்ட்டையே திருப்புகிறார். கையில் 7-ம் 4-ம் இருக்க, 7-ஐப் போடுகிறார். இதுவும் ஒரு பேச்சுதான். முதலில் மூணு இருந்து மீதி இரண்டு என்றால் பெரியதைத் திருப்ப வேண்டும். முதலில் நாலு இருந்திருந்தால் அதில் நாலாவதை. இப்படி ஒரு ஒழுங்கு இருந்தால், எதிரே இருப்பவர் எண்ண முடியும்.

தெற்கு 10 போட, நீங்க ஜாக்கியால் எடுத்து ராஜாவை இறக்குறீங்க. இந்த முறை தெற்கு ஏஸ் போட்டே ஆக வேண்டும். மூணு சுற்று முடிந்தது. உங்க கையில் மிச்சமிருக்கும் 8-ம் 3-ம் இனி ராஜா மாதிரி. ஆனால் கையில் நுழைய வழி வேணுமே! உங்க பக்கம் இதுவரை 2 பிடி.

படி 4: எடுக்க முடிந்தும் எடுக்காதே

தெற்கின் கை இது (நாம மட்டும் பார்ப்போம்):

ஸ்பேட்: ஏஸ், ராஜா, 7, 3
ஹார்ட்: ஏஸ், 10, 5
டைமண்ட்: 7, 3
கிளாவர்: ஏஸ், ராஜா, 6, 2

ஸ்பேடில் 2, ஹார்ட்டில் 1, கிளாவரில் 2. உறுதியான பிடி அஞ்சு. இன்னும் நாலு வேண்டும். அந்த நாலும் டம்மியின் டைமண்டில் இருக்கிறது. அதனால் அவர் டைமண்ட் 3-ஐ இறக்கி, டம்மியிலிருந்து ராஜா போடுகிறார்.

இப்போ ஆட்டம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் கையில். மேஜையில் ராஜா, தன்னிடம் ஏஸ். 'அடி!' என்று கை துறுதுறுக்கும். அடித்தால் என்ன ஆகும்? தெற்கு பிறகு டைமண்ட் 7 வழியாக டம்மிக்குப் போய், ராணி, ஜாக்கி, 10, 5 என்று நாலு பிடியையும் வரிசையாக எடுப்பார். 5 + 4 = 9. ஆட்டம் அவருக்கு.

அடிக்காமல் 4 போட்டால்? ராஜா ஒரு பிடி எடுக்கும், எடுக்கட்டும். அடுத்து டம்மியிலிருந்து ராணி வரும். அப்போது ஏஸ் போட்டு எடுக்கணும். தெற்கின் கையில் டைமண்ட் தீர்ந்தது. டம்மியில் ஜாக்கி, 10, 5 மூணும் ஜொலிக்கும், ஆனால் அங்கே போக வழியே இல்லை. டம்மியின் ஸ்பேடும் கிளாவரும் பொடிச் சீட்டுகள். தேர் தயார், வடம்தான் அறுந்துபோச்சு.

கிழக்கு அடுத்து ஸ்பேட் ராணியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தெற்கு என்ன செய்தாலும் ஏழு பிடிக்கு மேல் போகாது. கிளாவரில் நாலாவது சீட்டைத் தேற்றப் பார்த்தால், மூணாவது கிளாவரை உங்க ராணி எடுத்து, காத்திருந்த ஹார்ட் 8-ம் 3-ம் ஓடும்.

படி 5: எத்தனை முறை விடுவது? அந்தச் சின்ன 2 சொல்லும்

ஒரு முறை விட்டால் போதும் என்று உங்க ஃப்ரெண்டுக்கு எப்படித் தெரிந்தது? டைமண்ட் 3 வந்தபோது நீங்க போட்ட சீட்டைப் பாருங்க. 9, 6, 2 இருக்க, நீங்க 2 போட்டீங்க. அடுத்த சுற்றில் 6. சின்னதிலிருந்து பெரிசு என்றால் 'ஒற்றைப்படை'. பெரிசிலிருந்து சின்னது என்றால் 'இரட்டைப்படை'. 'மாப்ள, எங்கிட்ட டைமண்ட் மூணு இருக்கு' என்று வாயைத் திறக்காமல் சொல்லியாச்சு.

கிழக்கு கூட்டிப் பார்ப்பார். டம்மியில் 5, தன்னிடம் 3, பார்ட்னரிடம் 3. மொத்தம் 11. மீதி 2 தெற்கிடம். அப்போ இரண்டாவது சுற்றில் எடுத்தால் சரி. நீங்க 'இரட்டை' என்று காட்டியிருந்தால் உங்களிடம் இரண்டு, தெற்கிடம் மூணு என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முறை விட்டிருப்பார்.

தேவைக்கு மேல் விடுவதும் ஆபத்துதான். ஒரு பிடி கூடுதலாகப் போய், சில ஆட்டங்களில் அதுவே எதிராளியின் ஒன்பதாவது பிடியாகிவிடும். குத்துமதிப்பாகச் செய்கிற வேலை இல்லை இது, எண்ணிச் செய்கிற வேலை.

அந்த ஒரு சீட்டின் விலை

அணிப் போட்டியில் இதே சீட்டுகள் இன்னொரு மேஜையிலும் ஆடப்படும். அதனால் 'எனக்குக் கை சரியா வரலை' என்ற சாக்கு எடுபடாது. அங்கே கிழக்கில் இருப்பவர் ஏஸை அவசரமாக அடித்தார், நீங்க விட்டுப் பிடித்தீங்க என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் 3 நோ-ட்ரம்ப் வென்றால் 400 புள்ளி. இரண்டு பிடி குறைந்தால் எதிர்ப்பக்கத்துக்கு 100. இரண்டு மேஜையும் சேர்த்து 500 புள்ளி வித்தியாசம், அதாவது போட்டிக் கணக்கில் 11 ஐ.எம்.பி. இத்தனையும் ஒரு டைமண்ட் 4-ஐப் போட்டதற்கு!

இந்த வலையில் விழாதீங்க

இன்னொரு பழைய தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்க. உங்களிடம் ஓர் இனத்தில் ராஜா, ராணி, 10 என்று இருந்து ராஜாவை இறக்குறீங்க. தெற்கிடம் ஏஸும் ஜாக்கியும் இருக்கிறது, ஆனால் சின்ன சீட்டைப் போட்டு விடுகிறார். 'ஆஹா, ராஜா நின்றுவிட்டது' என்று மறுபடியும் அதே இனத்தைப் போட்டால், அவருக்கு ஏஸ், ஜாக்கி இரண்டிலும் பிடி. இங்கிலாந்தின் பாத் நகரத்தின் பெயரால் இதை 'பாத் கூப்' என்பார்கள்.

தப்பிக்க வழி, பார்ட்னர் போட்ட சீட்டைப் பார்ப்பதுதான். அவர் பெரிய சீட்டுப் போட்டால் 'தொடரு', சின்னது போட்டால் 'நிறுத்து, வேற வழி பாரு'. நிறுத்தச் சொன்னால் வேறு இனம் போய், பார்ட்னரை உள்ளே கொண்டு வந்து, அவர் பக்கத்திலிருந்து அந்த இனத்தை ஆட வையுங்க. அப்போ ஜாக்கி சிக்கும்.

பேசலாம்... சீட்டால் மட்டும்!

இத்தனை சங்கேதமும் ஆட்ட விதிப்படி செல்லும். ஏனென்றால் இது ரகசியம் இல்லை. 'உங்க பார்ட்னர் போட்ட 2-க்கு என்ன அர்த்தம்?' என்று எதிராளி கேட்டால் சொல்லியாக வேண்டும். ஆனால் இருமல், பெருமூச்சு, சீட்டு வைக்கும் கோணம் எதுவும் கூடாது.

2015-ல் நார்வே ஆட்டக்காரர் போயே ப்ரோகலாண்ட், லோட்டன் ஃபிஷர் - ரான் ஷ்வார்ட்ஸ் என்ற இஸ்ரேல் ஜோடி மீது பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. சீட்டு வைக்கும் பலகையை மேஜையில் எந்த இடத்தில் நகர்த்தி வைக்கிறார்கள் என்பதே, எந்த இனத்தை இறக்கணும் என்ற சைகை! அந்த ஜோடிக்குத் தடை விழுந்தது. கொரோனா காலத்தில் ஆட்டம் ஆன்லைனுக்கு மாறியபோதும் சிலர் பிடிபட்டார்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இது இன்னும் முக்கியம். ஒரு கையில் ஆட்டம், இன்னொரு கையில் வாட்ஸ்அப். 'மாப்ள, ஏஸ் வச்சிருக்கியா?' என்று கேட்க ரெண்டு செகண்ட் போதும். யாரும் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டால், மேலே பார்த்த அத்தனை கணக்கும் வீண். அப்புறம் ஜெயித்தது நீங்களும் இல்லை, உங்க ஃப்ரெண்டும் இல்லை. ஆடும்போது கால் வேண்டாம். முடிந்த பிறகு ஒரு மணி நேரம்கூடப் பேசுங்க. உண்மையில் பிரிட்ஜ் கற்றுக்கொள்ளும் இடமே அந்தப் பேச்சுதான்.

இன்றே ஆரம்பிக்க

'பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். நாலு பேர் சேராவிட்டாலும் ரோபோக்களோடு பழகலாம். ஆடி முடித்த ஆட்டத்தை நாலு கையும் திறந்தபடி திரும்பப் பார்க்கும் வசதியும் உண்டு. பணம் கட்டி ஆடச் சொல்லும் எதையும் தொடாதீங்க. அது வேற ஆட்டம்.

எதிராளி அடுத்த முறை 3 நோ-ட்ரம்ப் சொன்னதும், சீட்டைத் தொடும் முன் இந்த நாலு கேள்வி கேளுங்க:

1. நமக்கு வேண்டியது அஞ்சு பிடி. அது எங்கிருந்து வரும்?
2. பார்ட்னர் போட்ட சீட்டு என்ன சொல்லுது? 11-லிருந்து கழித்தாச்சா?
3. டிக்ளேரர் எந்த இனத்தை நம்பி இருக்கார்? டம்மிக்குப் போக வேறு வழி இருக்கா?
4. என் ஏஸை இப்பவே போடணுமா, ஒரு சுற்றுப் பொறுத்துப் போடலாமா?

நாலாவது கேள்விக்குச் சரியான பதில் சொல்லக் கொஞ்ச நாள் ஆகும். பால்கோவா கிண்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்க, பதம் வருவதற்கு முன்னால் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்வார்.